பத்தனை மண்ணின் கருமை

மண்ணைப் பற்றி எழுதுவது இலக்கியப் பகுதிக்கு ஏற்ற பொருள்தானா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். தமிழ் இலக்கியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு எழுந்தது என்பதை எண்ணினால் அவ்வையம் தானே நீங்கும். காதலையும் பிரிவையும் பாடப் புகுந்த புலவனும், முதலில் தன் தலைவியை ஒரு நிலத்தின்மீது நிறுத்தினான். அந்நிலம் மென்புலமா வன்புலமா என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. வண்டல், செவ்வல், கரிசல், களர், உவர், சரளை என்று மண்ணுக்கு நம் மொழியில் உள்ள பெயர்களைத் தொகுத்தாலே ஒரு சிறு நிகண்டு ஆகிவிடும்.

அந்த நிகண்டிற் சேர்க்கவேண்டிய ஒரு பெயர் நம் மலையகத்தில் உண்டு. தலவாக்கலைக்கு அண்மையில் பத்தனை என்றோர் ஊர் இருக்கிறது. ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரி அங்கேதான் அமைந்துள்ளது. மலையகத்தின் தமிழாசிரியர் பலர் அங்கே பயின்று வெளியேறியவர்கள். அவர்களுள் எத்தனை பேர் அவ்வூர்ப் பெயரின் பொருளை நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று நான் அறியேன். மலைமேல் மரமின்றிப் புல் மட்டும் போர்த்துக் கிடக்கும் வெளியைச் சிங்களத்தில் 'பத்தன' என்பர். அச்சொல் நம் நாவில் 'பத்தனை' என நின்றது. அந்தப் புல்வெளியின் அடியிலுள்ள மண்ணே இக்கட்டுரையின் பொருள்.

நுவரெலியாவிலிருந்து அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்பவர்கள் இந்த மண்ணைத் தெருவோர வெட்டுக்களிற் காணலாம். மேலே அடர்ந்த புல். அதன் கீழே மை போன்ற கருமண். அதற்கும் கீழே மஞ்சளும் சிவப்பும் கலந்த மண். பலவிடங்களில் அந்த இடைமண்ணும் இன்றி நேரே சரளையும் பாறையும். மூன்று நிறக்கரை போட்ட சேலை ஒன்றை மலைச்சரிவில் உலர்த்தியது போன்ற தோற்றம். பார்ப்பவர் கண் அந்தக் கருமையிலேயே நிலைத்துவிடும். "எவ்வளவு வளமான மண்!" என்ற சொல் தானாக வாயில் வரும். அந்தச் சொல் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதத் தொடங்கினேன்.

நெருப்பு மலையா?

பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் மாணவர் என்னிடம் அடிக்கடி கேட்ட வினா ஒன்று உண்டு. "ஐயா, நம்முடைய மலைகள் முன்னொரு காலத்தில் எரிமலைகளாக இருந்தனவா?" சிவனொளிபாத மலையின் கூம்பிய வடிவத்தைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு இவ்வினா எழுவது இயல்பே. பாடநூலில் எரிமலையின் படமும் அதே வடிவில் இருக்கிறதல்லவா?

விடை, இல்லை என்பதே. சிவனொளிபாத மலையும் எரிமலையன்று; 2,524 மீற்றர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகாலையும் எரிமலையன்று. மத்திய மலைநாட்டின் பாறைகள் நிலத்தின் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து உருமாறியவை. அந்த உருமாற்றம் நிகழ்ந்தது ஏறத்தாழ 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அக்காலத்தில் இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாசுகரும் அந்தாட்டிக்காவும் ஒரே பெருநிலத்தின் உறுப்புக்களாக அருகருகே கிடந்தன. பின்னர் மேலிருந்த பாறை கோடிக்கணக்கான ஆண்டுகளாய்த் தேய்ந்து கரைய, அடியில் வெந்த பாறை வெளியே தலைகாட்டியது. நாம் ஏறி நிற்பது எரிமலையின் உச்சியன்று. ஒரு பழைய உலைக்களத்தின் அடித்தளம்.

இப்பாறைகளுள் ஒன்றின் பெயர்க் கதை தமிழர்க்குச் சுவையானது. கல்கத்தா நகரைத் தோற்றுவித்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படும் யோப் சார்னொக் என்னும் ஆங்கிலேயரின் கல்லறை அந்நகரின் புனித யோவான் ஆலயத்தில் உள்ளது. கரிய நிறமும் இறுக்கமும் உடைய அக்கல்லறைக் கல் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்திலிருந்து சென்றது. 1893 ஆம் ஆண்டில் தோமஸ் ஹொலண்ட் என்ற நிலவியலறிஞர் இவ்வகைப் பாறைக்குச் 'சார்னொக்கைட்' எனப் பெயரிட்டார். தமிழ்நாட்டின் நீலகிரியும் சேலத்துச் சேர்வராயன் மலையும் இதே இனப் பாறையால் ஆனவை. நம் மலைநாட்டிலும் இப்பாறை பரந்து கிடக்கிறது. ஆகவே, தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து இங்கு வந்த நம் மூதாதையர், தாம் விட்டுவந்த நாட்டின் கல்லையே இங்கும் அலவாங்கு கொண்டு பெயர்த்தனர். கல் பழைய உறவு. அதன்மேற் கிடந்த மண்ணே அவர்களுக்குப் புதிது.

எரிமலைப் பாறையிற் பிறந்த மண்ணெல்லாம் வளமானது என்ற எண்ணமும் திருத்தத்திற்குரியது. யாவாத் தீவின் எரிமலைச் சாம்பல் மண் ஆழமானது. அங்கே தேயிலை செழிக்கிறது. ஆனால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிற் பரந்து கிடக்கும் எரிமலைப் பாறை மேட்டுநிலங்கள் பலவற்றில் ஒரு சாண் தோண்டினாலே கருவி கல்லில் மோதும். அங்கே ஏர் நுழைவதில்லை. மாடு மேய்வதே அந்நிலத்தின் பயன். பாறையின் பிறப்பைவிட மண்ணின் ஆழமே அங்கும் வாழ்வை முடிவு செய்கிறது. நெருப்பிற் பிறவாத நம் பத்தனையும் அவ்வகையில் அந்த மேட்டுநிலங்களுக்கு உடன்பிறப்பே.

இரு கருமைகள்

கருமண் நல்ல மண் என்ற நம்பிக்கை நம்மவர்க்கு எங்கிருந்து வந்தது? கரிசலிலிருந்து வந்தது. திருநெல்வேலிச் சீமையிலும் இராமநாதபுரத்திலும் பருத்தியும் கம்பும் விளைவித்த குடிகள், மண்ணின் கருமையைச் செல்வத்தின் நிறமாகக் கண்டு பழகியவர்கள். இந்தியக் கரிசலின் பெரும்பரப்பு தக்காணத்தில் உள்ளது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பெருகிப் படிந்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறையே அதன் தாய்.

அந்தக் கரிசலையும் நம் பத்தனை மண்ணையும் பக்கத்திற் பக்கமாக வைத்துப் பாருங்கள். நிறம் ஒன்று; குணம் நேர்மாறு. கரிசலிற் களி மிகுதி. மழையில் ஊதும், வெயிலிற் பிளக்கும், ஈரத்தை மாதக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும். சுண்ணாம்பு அதில் முடிச்சு முடிச்சாய்க் கிடக்கும். அதன் கருமைக்கு உக்கிய இலைதழை பெருங்காரணமன்று; உண்மையில் கரிசலில் உக்கல் குறைவு. களியோடு பிணைந்து கிடக்கும் சிறிதளவு உக்கலும் கனிமங்களுமே அந்நிறத்தைத் தருகின்றன.

பத்தனையின் கருமையோ முழுக்க முழுக்க உக்கலின் கருமை. நுவரெலியாவின் உயரம் ஏறத்தாழ 1,870 மீற்றர். குளிரும் மேகமும் ஈரமும் கூடிய அவ்விடத்தில் இறந்த புல்லின் வேர் விரைவில் அழிவதில்லை. அதை உண்டு செரிக்கவேண்டிய நுண்ணுயிர்கள் குளிரிலும் புளிப்பிலும் சோம்பிக் கிடக்கின்றன. ஆதலால் வேர் பாதி உக்கியும் பாதி உக்காமலும் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்து மண்ணைக் கருக்குகிறது. செடிக்கு வேண்டிய உணவு அதில் இருக்கிறது. ஆனால் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. கரிசல் கையிற் பணம் வைத்திருக்கும் குடியானவன். பத்தனை, எடுக்கவியலாத வைப்பு நிதிக்குச் சொந்தக்காரன்.

இதைச் சோதித்தறிய பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. சுண்ணாம்பு கலந்த கரிசலில் அமிலத்தின் சில துளிகளை விட்டால் நுரை பொங்கும். பத்தனை மண்ணில் எத்தனை துளி விட்டாலும் அசைவிராது. ஈரமாக்கிய பத்தனை மண்ணில் நீலப் பாசிச்சாயத் தாளை வைத்தால் அது சிவக்கும். நடுநிலை 7 எனக் கொள்ளும் அளவுகோலில் இம்மண் பெரும்பாலும் 4 க்கும் 5 க்கும் இடையில் நிற்கிறது. அவ்வளவு புளிப்பில் அலுமினியம் கரைந்து வேரைத் தாக்கும். பொசுபரசு மண்ணோடு இறுகிச் செடிக்குக் கிட்டாது போகும். கல்சியமும் மகனீசியமும் பொற்றாசியமும் நெடுங்கால மழையில் அடித்துச் செல்லப்பட்டிருக்கும். தேயிலை, அலுமினியத்தைப் பொறுத்துப் புளிப்பில் மகிழும் செடியாதலால் பிழைத்தது. போஞ்சிக்கும் கோவாவுக்கும் அந்த இயல்பு இல்லை.

ஒரு சாண் மண்

ஒருமுறை உயர்வகுப்பு மாணவர் சிலரைப் பள்ளிக்குப் பின்னால் இருந்த புற்சரிவுக்கு அழைத்துச் சென்றேன். கையில் ஓர் அலவாங்கும் ஒரு முழக்கோலும். வேறு கருவி எதுவும் இல்லை. சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஒரே நேர்கோட்டில், பத்தடிக்கு ஒருமுறை அலவாங்கை இறக்கி, அது கல்லில் மோதும் ஆழத்தைக் குறித்துக்கொண்டு வந்தோம்.

உச்சியில் நான்கு விரல் இறங்கியதும் 'டங்' என்றது. சற்றுக் கீழே ஒரு சாண். நடுச்சரிவில் ஒரு முழம். ஓரிடத்தில் முழங்கை அளவு இறங்கிய அலவாங்கு, இரண்டடி தள்ளிக் குத்தியபோது விரலளவும் இறங்கவில்லை. அங்கே மண்ணுக்குள் ஓர் உருண்டைப் பாறை ஒளிந்திருந்தது. அடிவாரத்தில் மட்டும் அலவாங்கு தடையின்றிச் சென்றது. மாணவர் தாமே காரணத்தைக் கண்டு சொன்னார்கள்: மேலே இழந்த மண் கீழே வந்து சேர்ந்திருக்கிறது.

கைநிறைய அள்ளி நீரில் அலசியபோது அம்மண்ணின் வரலாறும் வெளிப்பட்டது. கருநீர் வடிந்தபின் தங்கியவை வெண்மையும் மங்கலுமான குவாட்சுக் கற்கள். பாறையிலுள்ள பெல்சுபார் களியாக மாறிப்போனது. இரும்புடைக் கனிமங்கள் துருவேறி அடிமண்ணுக்குச் சிவப்பைத் தந்தன. குவாட்சு மட்டும் எதற்கும் மசியாமல் சரளையாய் எஞ்சியது. எல்லாம் கரைந்தபின் நிற்கும் எலும்பு என்று அதைச் சொல்லலாம்.

மெல்லிய மண்ணின் இன்னொரு குணம், அது நீரைத் தாங்கும் முறை. சிறு பாத்திரம் விரைவில் நிரம்பும், விரைவில் வற்றும். பெருமழையில் பத்தனைச் சரிவின் மண் சிறிது நேரத்தில் நிறைந்து, எஞ்சிய நீரைப் பாறைமேல் வழியவிடுகிறது. தை மாசி மாதங்களின் வறட்சியில் அதே மண் காய்ந்து, புல் வைக்கோல் நிறமாகிறது. அதே மாதங்களில் விடியற்காலையில் உறைபனியும் விழும். மரக்கன்று ஒன்று வேரூன்ற எண்ணினால் மூன்று பகைவரை எதிர்கொள்ள வேண்டும்: கல், வறட்சி, பனி. நான்காவது பகை நெருப்பு. பள்ளங்களிலோ நிலைமை வேறு. அங்கே உக்கல் தடித்து, கடற்பஞ்சு போல நீரைப் பிடித்துவைத்துச் சிறிது சிறிதாக விடுகிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் ஊட்டும் ஊற்றுக்கள் ஹோர்ட்டன் சமவெளியின் அத்தகைய பள்ளங்களிற் பிறக்கின்றன.

புல்லின் பிடி

இத்தகைய மண்ணில் வாழத் தெரிந்தது புல் ஒன்றே. அதன் வேர் ஆழத்தைத் தேடுவதில்லை, பக்கவாட்டிற் பின்னிக்கொள்கிறது. எரிந்தால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. உயர்ந்த குளிர்ப்பகுதியில் உள்ளதை ஈரப் பத்தனை என்றும், வெலிமடை, பண்டாரவளை, பதுளை சார்ந்த ஊவாச் சரிவுகளில் உள்ளதை உலர் பத்தனை என்றும் பிரிப்பர். உலர் பத்தனையில் நம்மவர் நன்கறிந்த மானாப்புல் ஆளுயரம் வளரும். ஈரப் பத்தனையிற் குட்டையான புற்களுக்கு நடுவே ஆங்காங்கு செந்நிறப் பூச் சொரியும் ரோடோடெண்ட்ரன் மரம் தனியே நிற்கும். சிங்களத்தில் அதை 'மகா ரத்மல்' என்பர். தடித்த பட்டையினால் நெருப்புக்குத் தப்பிய மரம் அது.

மழை மிகுந்த மலையில் காடின்றிப் புல் நிற்பது ஏன் என்ற வினா அறிஞரை நெடுநாளாக அலைத்தது. 1899 இல் பியர்சன் என்னும் தாவரவியலாளர் இலங்கைப் பத்தனைகளைப் பற்றி விரிவான ஆய்வொன்றை வெளியிட்டார். மனிதன் வைத்த தீயே காட்டை விரட்டியது என்பார் ஒரு சாரார்; காற்றும் பனியும் புளித்த மண்ணுமே காரணம் என்பார் மறு சாரார். இரண்டும் கலந்தே வேலை செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். 1961 இல் மூர்மனும் பானபொக்கேயும் இலங்கை மண்களை வகைப்படுத்தியபோது, மலைநாட்டின் செம்மஞ்சள் மண்களுக்குள்ளேயே தடித்த கரிய மேற்படை உடையவற்றைத் தனி உட்பிரிவாக வைத்தனர். அறிவியலும் அந்தக் கருமையைத் தனித்துக் காட்ட வேண்டியிருந்தது.

மாசியும் தேங்காயும்

இந்தக் கருமையை நம்பி வந்தவர்களுள் புகழ்பெற்றவர் சாமுவேல் பேக்கர். பின்னாளில் நைல் நதியின் மூலங்களைத் தேடிச் சென்று, 1864 இல் அல்பேட் ஏரியைக் கண்டவர் இவரே. 1848 இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையையே நிறுவ முயன்றார். குடியேறிகள், மாடுகள், ஆடுகள், கலப்பைகள் என யாவும் கப்பலேறி வந்தன. கால்நடைகள் நோயில் மடிந்தன. மண்ணோ உரமின்றி எதையும் தர மறுத்தது. பசுமையைக் கண்டு இலங்கை மண்ணை வளமானதென நினைப்பது தவறென்று 1855 இல் வெளியான தம் நூலில் அவர் வெளிப்படையாக எழுதினார்.

கோப்பித் துரைமார் பேக்கரைவிட எச்சரிக்கையானவர்கள். அவர்கள் பத்தனையை ஒதுக்கிவிட்டு அடர்ந்த காட்டையே தேடி வெட்டினார்கள். காட்டு மண் வளமானது என்பது அவர்கள் கணக்கு. அக்கணக்கிலும் பாதியே உண்மை. காட்டின் செல்வத்திற் பெரும்பகுதி மண்ணில் இல்லை. மரத்திலும் இலையிலும் சருகிலும் சுழன்றுகொண்டிருக்கிறது. மரத்தை எரித்தபோது அந்தச் செல்வம் சாம்பலாய் நிலத்தில் விழுந்து சில ஆண்டுகளுக்குக் கோப்பியை ஊட்டியது. பின்னர் மழை அதைக் கழுவிச் சென்றது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867 இல் யேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1873 இல் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டாது விடவேண்டும் என்று அறிவுரை கூறினார். இன்று எஞ்சியிருக்கும் உயர்மலைக் காடுகள் அவ்வறிவுரைக்குக் கடன்பட்டவை.

துரைமாருக்கு மண்ணின் கருமை சொன்ன பொய் இது. நம் மூதாதையருக்குச் சொல்லப்பட்ட பொய் வேறு. இலங்கையிலே தேயிலைத் தூரைத் தோண்டினால் மாசியும் தேங்காயும் கிடைக்கும் என்று ஆட்கட்டும் கங்காணிகள் ஊரூராய்ச் சொன்ன கதையை மலையகத்தில் அறியாதார் இல்லை. அக்கதையைச் சொல்லி நாம் சிரிப்பதுண்டு. சிரித்தபின் ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், அது மண்ணைப் பற்றிய பொய் என்பது விளங்கும். தூரின் அடியிற் செல்வம் இருக்கிறது என்றார்கள். தோண்டியவர்கள் கண்டது சரளையும் புளித்த மண்ணும். பின்பு இந்த மலைகளிலிருந்து உலகச் சந்தைக்குச் சென்ற செல்வம் எங்கிருந்து வந்தது? கான் வெட்டிய கையிலிருந்தும், முள்ளுக் குத்திய தோளிலிருந்தும், கொழுந்து கொய்த விரல்களிலிருந்தும் வந்தது. மண் ஏழை, அதைச் செல்வமுடையதாகக் காட்டியது உழைப்பு.

ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு

அந்த உழைப்பே சிலவேளைகளில் மண்ணுக்குக் கேடாகும்படி ஏவப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு புல்லும் இல்லாதபடி சுரண்டியால் மலையைச் சுத்தமாக வழித்தெடுப்பதே நல்ல தோட்டத்தின் இலட்சணம் என்று துரைமார் நெடுங்காலம் கருதினர். வழித்த நிலத்தின்மேல் மழை நேரே அறைந்தது. மண்ணரிப்புப் பற்றி ஆராய 1931 இல் அரசாங்கக் குழுவொன்று அறிக்கையளித்தது. 1951 இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் இழந்த மண் திரும்பவில்லை.

எவ்வளவு இழந்தோம்? மகாவலியின் மேற்படுகையில் ஆற்று மணலிலுள்ள குவாட்சை ஆராய்ந்து, அதில் உண்டான அரிய சமதானியின் அளவைக்கொண்டு மண் கரையும் இயற்கை வேகத்தைக் கணித்தார்கள். 2003 இல் வெளியான அவ்வாய்வின்படி, காடு மூடிய சரிவில் ஒரு சதுரக் கிலோமீற்றரிலிருந்து ஆண்டுக்கு 13 முதல் 30 தொன் வரை மட்டுமே இயற்கையாகக் கழுவப்படுகிறது. பாறைக் கனத்திற்கு மாற்றிக் கணக்கிட்டால், ஆயிரம் ஆண்டுக்கு ஏறத்தாழ அரை முதல் ஒரு சென்ரிமீற்றர் வரை ஆகும். மண் உண்டாகும் வேகமும் அதை ஒட்டியதே. பயிரிட்ட நிலங்களிலோ மண் அதைப்போல் 10 முதல் 100 மடங்கு வேகத்தில் இழக்கப்படுகிறது.

இந்த எண்களை வாசகர் சற்று நிதானித்து நோக்க வேண்டும். என் மாணவர் அலவாங்கால் அளந்த ஒரு சாண் மண், இராசராச சோழன் காலத்திற்கும் சங்க காலத்திற்கும் வெகு முன்பிருந்தே சேரத் தொடங்கிய சேமிப்பு. இருபதினாயிரம் ஆண்டுகளும் அதற்கு மிகையல்ல. அதை ஒரு தலைமுறையிற் செலவழித்துவிடலாம். கழுவிச் சென்ற மண் மறைந்துபோவதில்லை. நீர்த்தேக்கங்களின் அடியிற் சேறாய்ப் படிகிறது. சரிவின் அடிவாரத்தில் தளர்ந்த குவியலாய்ச் சேர்ந்த மண், நீர் நிறைந்தபோது நகர்கிறது. 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை மலையகம் மறவாது.

1960களில் ஹோர்ட்டன் சமவெளியின் பத்தனையைக் கிளறி உருளைக்கிழங்கு பயிரிட்டனர். பின்பு அது கைவிடப்பட்டது. 1988 இல் தேசியப் பூங்காவாகிய அச்சமவெளியில், கிளறிய இடங்களைப் பழைய புல் முழுமையாக மீட்கவில்லை. அயல்நாட்டுப் புல் அங்கே பாய் விரித்திருக்கிறது. 2021 இல் இரசாயன உரத்திற்கு விதித்த தடை அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. அந்தச் சில மாதங்களில் நுவரெலியாவின் மரக்கறித் தோட்டக்காரர் பட்ட பாடு, இம்மண் தன் கையில் எவ்வளவு குறைவாக வைத்திருக்கிறது என்பதை யாவர்க்கும் உணர்த்தியது.

ஆழம் எழுதாத உறுதி

இவையெல்லாம் பழங்கதையாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். இன்று மலையகத்தில் காணியின் பேச்சு நடக்கிறது. இரு நூற்றாண்டுகள் இந்நிலத்தில் உழைத்தும் ஒரு பிடி மண்ணும் தமதென்று சொல்லமாட்டாத மக்கள், லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குச் செல்லத் தொடங்கியிருக்கிறார்கள். 2015 க்குப் பின்னர் வீட்டுக்கு 7 பேர்ச் என்ற கணக்கில் உறுதிகளும் வழங்கப்பட்டன. 7 பேர்ச் என்பது ஏறத்தாழ 1,905 சதுர அடி. வீடு போக எஞ்சுவது ஒரு சிறு தோட்டம். அளவு போதுமா என்று பலர் கேட்கிறார்கள், கேட்கவேண்டியதே. ஆனால் நான் கேட்பது வேறொன்று. உறுதியில் நீளம் எழுதியிருக்கிறது; அகலம் எழுதியிருக்கிறது; நான்கெல்லையும் எழுதியிருக்கிறது. ஆழம் எழுதியிருக்கிறதா?

தோட்டங்களில் தேயிலை நன்கு வளரும் மலையை யாரும் வீட்டுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. குடியிருப்புக்கென ஒதுக்கப்படுவது பெரும்பாலும் பயிருக்கு உதவாதென்று தள்ளப்பட்ட முடுக்கும் மேடும் புற்சரிவுமே. அதாவது, பத்தனை. ஒரு முழ மண்ணுள்ள 7 பேர்ச்சும், நான்கு விரல் மண்ணுள்ள 7 பேர்ச்சும் பத்திரத்தில் ஒன்று, வாழ்வில் ஒன்றல்ல. முதலாவதிற் பிள்ளைகளுக்குக் கீரையும் போஞ்சியும் விளையும். இரண்டாவதில் அத்திவாரம் பாறையில் நிற்கும். அடுப்படிக்கு எதுவும் வராது. அடிவாரத்தில் மண் ஆழமாக இருக்கிறதே என்று மகிழவும் இயலாது. அது மேலிருந்து வந்து சேர்ந்த தளர்மண்ணாயின் அங்கே வீடு கட்டுவது ஆபத்து. ஆகவே உழுவதற்கும் உறங்குவதற்கும், இரண்டுக்கும் ஆழம் அறிய வேண்டும்.

மெல்லிய மண்ணை வளர்க்கும் வழிகளை நம் மக்கள் அறியாதவர்களல்லர். லயத்தின் ஓரத்தில் மாடு வளர்த்து, பத்தனைப் புல்லை அறுத்து ஊட்டி, சாணத்தை ஒரு சிறு பாத்தியிற் குவித்து, கல்லடுக்கி வரம்பு கட்டி, அதில் மரக்கறி எடுத்த குடும்பங்கள் பல. அந்தப் பாத்திகளில் மண் கீழிருந்து வளரவில்லை. கூடை கூடையாய் மேலிருந்து வளர்ந்தது. மலைநாட்டின் பரந்த புல்வெளி சேர்த்த சத்தை மாட்டின் வயிற்று வழியாக ஒரு சிறு பாத்திக்குள் கொண்டுவந்த அறிவு அது. புளிப்பைத் தணிக்க டொலமைட்டுச் சுண்ணாம்பு, சரிவுக்குக் குறுக்கே கல்வரம்பும் புல்வரிசையும், மண் வெறுமையாகக் கிடவாதபடி மூடுதழை என்பவற்றை ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையமும், பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன் மானாவோ குவாட்டமாலாப் புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்றும்படி சொல்கிறது. களையென்று சுரண்டிய புல்லே மருந்தாகத் திரும்பி வந்திருக்கிறது!

ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சூழ்ந்த சரிவின் ஆழத்தை அளந்து ஒரு படம் வரையலாம். அலவாங்கும் முழக்கோலும் பாசிச்சாயத் தாளும் இல்லாத பள்ளி மலையகத்தில் இராது. எங்கே நான்கு விரல், எங்கே ஒரு சாண், எங்கே ஒரு முழம், எங்கே தளர்மண் என்று குறித்த அப்படம், காணி பகிரும் நாளில் பெற்றோர் கையில் இருக்க வேண்டும். கொடுப்பவர் நீளத்தையும் அகலத்தையும் சொல்லும்போது, பெறுபவர் ஆழத்தைக் கேட்கக் கற்றிருக்க வேண்டும்.

ஒரு பொய்யை நம்பி நம் மூதாதையர் கப்பலேறினர். அவர்களுக்குத் தூரின் அடியைத் தோண்டிப் பார்த்துவிட்டு வரும் வாய்ப்பு இருக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. கையெழுத்திடுமுன் தோண்டிப் பார்க்கட்டும்.